ஆவியைப் பிரிக்கும் சவ்வு

பெட்ரோல், பென்சீன், அசிட்டோன் முதலியன எளிதில் ஆவியாகும் இயல்பின. எண்ணெய்க் கிடங்கில் வெற்று வண்டியில் பெட்ரோலை நிரப்புங்கால், அதனுள் முன்பே தங்கிய ஆவி காற்றொடு கலந்து வெளியேறுகின்றது. வண்ணப்பூச்சு, மருந்து முதலியன செய்யும் ஆலைகளிலும் இந்நிலை உண்டு. கண்ணுக்குப் புலப்படாமையின் இதனைப் பொருட்படுத்தாதார் பலர். ஆயினும், பென்சீன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளர்க்கு இரத்தப் புற்றுநோய் உண்டாதல் கூடும். இத்தகைய ஆவிகள் நைட்ரஜன் ஆக்சைடுகளொடு கூடி, வெயிலில் ஓசோனைத் தோற்றுவிக்கும். அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்திற்கு இதுவே காரணம் என்பதை, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார்.

இவ்வாவியை எரித்து ஒழித்தலும் ஒரு முறையே. ஆனால், அதனால் பயன்படும் பொருளும் உடன் அழியும். அழிக்காமல் மீட்க உதவுவது சவ்வு ஆகும்.

சவ்வினைச் சல்லடை போன்றது எனக் கருதுதல் பொருந்தாது. சல்லடையில் சிறியது கீழிறங்கும்; பெரியது தங்கும். சிலிக்கோன் ரப்பரால் ஆகிய சவ்விலோ, பெரிய மூலக்கூறுகளையுடைய பென்சீன் ஆவி விரைந்து கடக்கும். சிறிய நைட்ரஜன் பின்தங்கும். இவ்வியப்பிற்குக் காரணம் யாது? ஆவி முதலில் ரப்பரில் கரைகின்றது. பின்னர் அதனூடே பரவி மறுபுறம் வெளிப்படுகின்றது. மிகுதியாகக் கரையும் பொருளே மிகுதியாகக் கடக்கும். வாயுக்கள் ரப்பரைக் கடக்கும் இம்முறையைத் தாமஸ் கிரகாம் என்னும் அறிஞர் 1866-ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய இச்சவ்வு, நுண்டுளைகள் நிறைந்த தாங்கு படலத்தின்மேல் அமைக்கப்படும். ஒருபுறம் அழுத்தம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருத்தல் வேண்டும். அவ்வேறுபாடே ஆவியைச் செலுத்தும் ஆற்றல். மறுபுறம் சேர்ந்த ஆவியைக் குளிர்வித்தால் அது மீண்டும் நீர்மமாகும்.

சவ்விற்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஆவி குறையக் குறைய, அதனைச் செலுத்தும் ஆற்றலும் குறையும். ஆதலின், எஞ்சிய சிறிதளவை நீக்கக் கரித்தூள் போன்ற பிற துணைகள் வேண்டப்படும்.

ஒரே செயலால் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றும் தூய்மை பெறுகின்றது. வீணாக இருந்த பொருளும் கைக்கு மீள்கின்றது. உற்பத்தியைப் பெருக்குதல் மட்டுமே தொழிலறிவு அன்று. உழைப்போர் உயிரைக் காத்தலும் அதன் கடமையே ஆகும்.