கண் தெளிந்தால் படம் தெளியும்

வடக்கே குளிர் இறங்கத் தொடங்கும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் தீபகற்பத்திற்கு விருந்தாளிகள் வருகிறார்கள். சைபீரியா, மங்கோலியா, சீனா போன்ற இடங்களில் குஞ்சு பொரிக்கும் பழுப்புக் கீச்சான் அவர்களில் ஒருவர். தாமான் வீட்டு வேலிக் கம்பியில்கூட வந்து உட்காரும். அதே பருவத்தில் இன்னொரு கீச்சானும் வரும். ஆங்கிலப் பெயரில் புலி இருப்பதால் 'புலிக் கீச்சான்' என்றே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இவ்விரண்டின் இளம்பறவைகளைப் பிரித்தறிய முதுகைப் பார்க்க வேண்டும். புலிக் கீச்சானுக்கு முதுகெல்லாம் மீன் செதில் போன்ற கருங்கோடுகள். மற்றதன் முதுகில் பெரும்பாலும் கோடு இராது. படம் மங்கினால் கோடுகள் போய்விடும், அவற்றோடு பெயரும் போய்விடும்.

பெயர் எனக்கு முக்கியம். தமிழ்ப்பள்ளியில் காகம், மைனா, சிட்டு என்று நான்கைந்து பெயர்கள்தாம் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் முராய், மெர்பா என மலாய்ப் பெயர்கள் வந்து சேர்ந்தன. முராய்தான் குண்டுக்கரிச்சான், மெர்பா சின்னான் வகை என்று பின்னர் நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

சரி, படத்திற்கு வருவோம். விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று நினைக்காதீர்கள். என்னுடையது பழைய கேமரா, 300 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண வில்லை. பறவை வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

பழுத்த வாழைப்பழத்தையோ பப்பாளித் துண்டையோ ஒரு தட்டில் வையுங்கள். சின்னானும் மாங்குயிலும் தேடி வரும். ஆனால் தட்டில் உட்கார்ந்த பறவையைப் படம் எடுத்தால் தட்டுதான் தெரியும். தட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த கிளை ஒன்றைக் கட்டிவிடுங்கள். இறங்குமுன் பறவை அதில் ஒரு கணம் நிற்கும். கீச்சான் பழத்தைத் தொடாது, அதற்குப் பூச்சிதான் வேண்டும். என் அம்மா துணி காயப்போடும் கம்பியே அதற்குப் போதும் (அம்மாவுக்குத்தான் இதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை).

மழை மாதங்களில் பெருந்தொல்லை வெளிச்சம். வானம் மூடியிருக்கும்போது கேமராவைத் தானியங்கி நிலையில் விட்டால் 1/60 நொடி, 1/100 நொடி என்று மெதுவாக எடுத்துவிடும். பறவையோ ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். வில்லையில் உள்ள நடுக்கத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பறவையின் அசைவை அன்று. ஆகவே 1/500 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். பறக்கும்போது எடுப்பதென்றால் 1/2000 வேண்டும். அதற்காக ஐ.எஸ்.ஓ. அளவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றலாம். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும், உண்மைதான். புள்ளிகளைப் பிறகு கணினியில் ஓரளவு குறைக்கலாம். அசைந்து மங்கிய இறகை மீட்பது மிகக் கடினம். நண்பர்கள் பலர் புள்ளிக்குப் பயந்து வேகத்தைக் குறைப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அது தலைகீழான கணக்காகவே படுகிறது.

அடுத்தது குவியம். 300 மில்லிமீட்டர் வில்லையில், எஃப் 6.3 திறப்பில், 4 மீட்டர் தூரத்தில் நிற்கும் பறவையை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 அல்லது 5 சென்டிமீட்டர்தான். சின்னானின் நீளமோ சுமார் 20 சென்டிமீட்டர். அது நம்மை நேராகப் பார்த்து நின்றால் அலகு தெளியும்போது வால் மங்கும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருங்கள். ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்து கண்ணில் வையுங்கள். புதிய கேமராக்கள் சில பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துவிடுகின்றன. கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் பார்ப்பவர் மன்னிப்பார். கண் மங்கினால் மன்னிக்கமாட்டார்.

காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, வெயில் நம் முதுகில் விழும்படி நில்லுங்கள். நடுப்பகலில் சிமெண்டுத் தரையிலிருந்து எழும் சூடு காற்றையே நடுங்க வைக்கும். கண்ணாடிச் சன்னல் வழியாக எடுக்காமல் அதைத் திறந்து, வில்லையை இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் நீட்டுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வந்தவுடன் எடுக்க முயன்றால் வில்லையில் ஆவி படியும். கேமராவைப் பையோடு அரைமணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துவிடுங்கள்.

மிஞ்சிய பழத்தை மாலையில் அகற்றிவிடுங்கள், இல்லையேல் இரவில் எலி வரும். தண்ணீர்த் தட்டு வைப்பவர்கள் அதை நாள்தோறும் கவிழ்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டே போதும்.