வெற்றிலைக் கறை பல்லை விட்டுப் போகுமா?

காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் மணிக்கணக்காகக் கால் மிதித்து நெய்பவர்கள் பலருக்கு வெற்றிலை பாக்கும் டீயும்தான் வழித்துணை. வருடக்கணக்கில் அவை பல்லில் விட்டுச்செல்லும் சிவப்பும் பழுப்பும் போகவே போகாது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் போகும். ஆனால் அதற்கான இடம் பல் மருத்துவரின் நாற்காலிதான்.

கறை எப்படிப் படிகிறது?

பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கின்றன. அந்தச் சிவப்பு, பல்லின் மேல் எச்சில் பூசியிருக்கும் மெல்லிய படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. சரியாகத் துலக்காத இடங்களில் சேரும் அழுக்கு, எச்சிலில் உள்ள கால்சியத்தால் இறுகிக் காரையாகிறது. காரை சொரசொரப்பானது, அதில் கறை இன்னும் எளிதாக ஏறும். காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

மருத்துவர் என்ன செய்கிறார்?

ஸ்கேலிங் கருவியின் முனை நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது. கூடவே பீய்ச்சும் தண்ணீர், சூட்டைத் தணித்துத் துகள்களைக் கழுவுகிறது. பிறகு சுழலும் ரப்பர் கிண்ணத்தில் மெருகுப் பசை வைத்துப் பல்லை வழவழப்பாக்குகிறார்கள். வழவழப்பான பல்லில் கறை சீக்கிரம் பிடிக்காது.

‘சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்ற பயம் தேவையில்லை. ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருந்தால், காரை அதை மறைத்திருக்கும். காரையை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் பல் கூசலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எந்தக் கறை போகாது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காணும் பழுப்பு வேறு வகை. நெய்வதற்கு முன்பே பட்டு நூலில் சாயம் ஏறுவதுபோல, பல் முளைக்கும் முன்பே அது எனாமலுக்குள் ஏறிவிடுகிறது. மேலே மெருகேற்றுவதால் அது நீங்காது. அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

எந்தக் கறையானாலும் செங்கல் தூள், அடுப்புக்கரி, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

கறைக்குப் பின்னால்

புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-ல் அறிவித்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது.

ஆகவே பல்லைச் சுத்தம் செய்யப் போகும்போது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கறை நீங்கிய அன்றே பாக்கையும் விட்டுவிடுங்கள்.