தலைக்கு ஊற்ற மூலிகை டீத்தண்ணி



"முடி கொட்டுதே, என்ன போடலாம்?" சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, கூட்டம் கலையும் நேரத்தில் அதிகமாகக் காதில் விழும் கேள்வி இது. ஒருத்தர் ஒரு எண்ணெய் பேரைச் சொல்வார். இன்னொருத்தர் டி.வி.யில் பார்த்த ஷாம்பு பேரைச் சொல்வார். வீட்டு வாசலில் பூத்து உதிரும் செம்பருத்தியை யாரும் சொல்வதில்லை. குளித்து முடித்ததும் கடைசியாகத் தலையில் ஊற்றி அலசும் மூலிகைத் தண்ணீரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அது எதைச் செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஏமாந்து காசு போவது அந்த இடத்தில்தான்.

டீ போடுகிற மாதிரியேதான் இதுவும். இலையையோ பூவையோ கொதித்த தண்ணீரில் போட்டு, மூடி வைத்து, சாறு இறங்கியதும் வடிகட்டி ஆறவைக்க வேண்டும். இது அழுக்கை எடுக்காது. சீயக்காயோ, அரப்போ, ஷாம்போ போட்டு அழுக்குப் போன பிறகு ஊற்றுவதற்குத்தான் இது.

நம்மில் நிறைய பேர் வீட்டில் போர் தண்ணிதான். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தத் தண்ணியில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் நுரை வராது. வெள்ளையாகப் பிசுக்குப் பிடிக்கும். பக்கெட் ஓரத்தில் படியுமே, அதே பிசுக்குதான் முடியிலும் படிந்து, முடி நார் மாதிரி ஆகிறது. அப்புறம் சீப்பு போட்டு இழுத்தால் சிக்கு விழுந்து அறுந்து வரும். இதைப் பார்த்துவிட்டு "கொட்டுது" என்கிறோம். பாதி அறுந்த முடி, கொட்டிய முடி இல்லை. முதலில் தலைக்குச் சோப்பு போடுவதை நிறுத்துங்கள். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினால் பிசுக்கு விடும். தலையில் புண், கீறல் இருந்தால் எலுமிச்சை வேண்டாம், எரியும்.

செம்பருத்திதான் எங்கள் முதல் சிபாரிசு. பூ 10 எடுத்துக் காம்பை நீக்கி, கொதித்து இறக்கிய 1 லிட்டர் தண்ணீரில் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். இலையை மட்டும் கொதிக்க விடாமல், 2 கைப்பிடி எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கசக்குங்கள், வழவழவென்று வரும். அந்த வழவழப்பு முடி மேல் மெல்லிசாகப் படிவதால்தான் சிக்கு சுலபமாக எடுக்க வருகிறது. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்த தண்ணீரிலும் இதே குணம் உண்டு. வடிகஞ்சியில் சீயக்காயைக் கரைத்த நம்ம பாட்டிகளுக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

டீத்தூள் தண்ணியும் ஊற்றலாம். பாலும் சர்க்கரையும் போடாமல் 1 லிட்டருக்கு 2 டீஸ்பூன் டீத்தூள் போட்டு இறக்கி ஆறவையுங்கள். கறுத்த முடிக்கு ஒரு பளபளப்பு வரும். நரைமுடியில் லேசாகப் பழுப்பு ஏறும், இரண்டு மூன்று குளியலில் போய்விடும். பழைய துண்டை வைத்துத் துவட்டுங்கள், கறை போகாது. நெல்லிமுள்ளியை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் தண்ணீர் கறுப்பாகிறதே, ஏன் தெரியுமா? நெல்லியில் உள்ள துவர்ப்புச் சத்தும் சட்டியின் இரும்பும் சேர்ந்து அந்தக் கறுப்பு உண்டாகிறது. டீயிலும் அந்தத் துவர்ப்பு இருக்கிறது.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தூள் தலையில் தங்கினால் அரிக்கும். நன்றாக ஆறின பிறகே ஊற்றணும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மிச்சம் வைத்தால் புளித்துக் கெட்டுவிடும். வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த மூலிகை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கரிசலாங்கண்ணியை வயல் வரப்பில் பறிக்கிறவர்கள், அங்கே களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

பேனுக்கு இந்தத் தண்ணீர் மருந்து இல்லை. முடியை ஈரமாக்கி, ஈர்க்கொல்லியால் சில நாளுக்கு ஒரு தடவை விடாமல் வாருவதும், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மருந்தைப் போடுவதும்தான் வழி. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை பிள்ளைகள் தலையில் போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தோல் வழியாகவே உடம்புக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். ஊமத்தை, அரளி இலையும் தலைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, முடி வளருமா?

தோலுக்கு வெளியே இருக்கும் முடிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிக்கிறதில்லை. மேலே ஊற்றும் தண்ணீர் இருக்கிற முடியை மிருதுவாக்கும், அவ்வளவே. உயிர் உள்ள வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. அதற்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாகத்தான் போகும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். பிரசவம் ஆகி இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டும். கடுமையான காய்ச்சல் வந்து போனாலும் அப்படித்தான். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் விலை உயர்ந்த எண்ணெய் வாங்கினவர்கள் "எண்ணெய்யாலதான் வளர்ந்துச்சு" என்று நினைத்துக்கொள்வார்கள்!

தானாகச் சரியாகாத ஒன்று ரத்தசோகை. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கணும். மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் படபடப்பு, அதோடு முடியும் கொட்டுகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். அங்கே பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். தைராய்டு கோளாறிலும் முடி கொட்டும். காசு அளவுக்கு வட்டமாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. டீயைத் தலைக்கு ஊற்றுவதில் தப்பில்லை, சாப்பிட்ட கையோடு குடிப்பதுதான் முடிக்குக் கெடுதல்! டீயின் துவர்ப்பு, கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள்.

நரையை மறைக்கக் கறுப்புச் சாயம் போடுகிறவர்கள் பாக்கெட்டில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு அதனால் கண் இமையும் முகமும் வீங்கிவிடும். "கறுப்பு மருதாணி" என்று விற்கிற சிலவற்றிலும் இதைக் கலக்கிறார்கள். மருதாணி இலைக்கு இயல்பான நிறம் சிவப்புதான். அப்புறம், அந்தச் சாயத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வாய்க்குள் போனால் உயிரே போகும்.

"இதையே பாட்டிலில் அடைத்துக் குழுவில் விற்கலாமா?" என்று கேட்பீர்கள். வீட்டுக்குச் செய்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். விற்க வேண்டுமானால் 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தண்ணீராக வைத்தால் இரண்டு நாள் கூடத் தாங்காது. செம்பருத்தி இலை, வெந்தயம், சீயக்காய் என்று உலர்ந்த பொடியாகச் செய்ய நினைக்கும் குழுக்கள், இயந்திரத்துக்குக் கடன் கேட்கும் முன்னே மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் என்ன உரிமம், எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று விசாரித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.