ஐன்ஸ்டைனின் ஆய்வேட்டில் ஒரு பிழை

1905-இல் ஐன்ஸ்டைன் ஜூரிச் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு 17 பக்கம்தான். சர்க்கரை கரைந்த நீரின் பாகுநிலை எவ்வளவு கூடுகிறது, சர்க்கரை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற இரண்டையும் வைத்து மூலக்கூறின் அளவையும் அவகாட்ரோ எண்ணையும் கணக்கிட்டிருந்தார். கிளைனர், புர்க்ஹார்ட் என்ற இரு பேராசிரியர்கள் மதிப்பிட்டார்கள். கணிதக்காரரான புர்க்ஹார்ட் கணக்குகளைப் பார்த்துச் சரி என்றார். பட்டம் கிடைத்தது.

கணக்கு தப்பு.

அந்தத் தப்பு பீரோவுக்குள்ளேயே கிடக்காமல் போனதற்கு ஒரே காரணம், ஐன்ஸ்டைன் ஆய்வேட்டை 'அனாலன் டெர் ஃபிசிக்' இதழுக்கு அனுப்பியதுதான். புதிய அளவீடுகளைக் கொண்டு ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார், 1906-இல் வெளிவந்தது. பிறகு பாரிசில் பெரின் என்ற இயற்பியலாளரின் ஆய்வகத்தில் அந்தச் சூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஐன்ஸ்டைன் தானே தேடியும் பிழை அகப்படாமல், உடன் பணியாற்றிய ஹோப்ஃபிடம் கொடுத்தார். அவர் பிடித்துவிட்டார். 1911-இல் அதே இதழில் திருத்தம் வந்தது. அவகாட்ரோ எண் ஆய்வேட்டில் 2.1, பின்னிணைப்பில் 4.15, திருத்தத்தில் 6.56 (எல்லாம் 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கியவை). இன்றைய மதிப்பு 6.022. அந்தக் கடைசித் திருத்தத்தை வரவழைத்தது, வேறோர் ஆய்வகம் சூத்திரத்தைப் பயன்படுத்த முயன்றதுதான்.

நம் ஊரில் வைவா முடிந்ததும் ஆய்வேடு பொன்னெழுத்துப் பொறித்த அட்டையோடு துறை நூலக அலமாரிக்குப் போகிறது. ஒரு பிரதி 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்துக்கு. படிப்பது யார்? பெரும்பாலும் அடுத்த ஆய்வாளர், 'முன் ஆய்வுகள்' பகுதியை நிரப்ப.

கட்டுரை எழுதச் சொல்லி அதட்டிப் பார்த்தாயிற்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) தன் 2016 விதிமுறையில் கட்டாயமாக்கியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு அது நல்ல காலம். 2018-இல் யூஜிசி தன் பட்டியலிலிருந்து ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்களை நீக்கியது. 2022 விதிமுறையில் கட்டாயமே போனது. பழைய இதழ்ப் பட்டியலுக்கு மாற்றாக வந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இனி நல்ல இதழ் எது என்பதை ஆய்வாளரும் கைடும்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் கட்டுரை என்ற பெயரில் போவதைப் பார்த்துத்தான். இரண்டாம் இயலை வெட்டி, மேலே ஒரு முன்னுரை, கீழே ஒரு முடிவுரை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வேட்டில் எல்லாம் படித்திருக்கிறேன் என்று தேர்வாளருக்குக் காட்டியாக வேண்டும். ஒரு நாவலைப் பற்றிய ஆய்வேடு நாவலாசிரியரின் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவதும் அதனால்தான். இதழைப் புரட்டுகிறவருக்கு அது எதற்கு? அவர் கேட்பது ஒன்றே: இதுவரை தெரியாத எதைச் சொல்கிறாய்?

ஆகவே, மொத்த ஆய்வேட்டிலும் யார் மறுத்தாலும் சண்டை போட்டுக் காப்பாற்றுவேன் என்று தோன்றும் ஒரே முடிவை எடுங்கள். அதற்கு வேண்டிய சான்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டை மூடிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். நாற்பது பக்க முன் ஆய்வுகள் மூன்று பத்தியாகச் சுருங்கும். தரவு பழசாகியிருந்தால் புதியதைச் சேருங்கள், ஐன்ஸ்டைனே சேர்த்தார். ஆய்வேட்டிலிருந்து வந்தது என்பதை இதழாசிரியருக்கு முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் உங்களையே உங்கள் திருடன் என்று காட்டும். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்புங்கள்.

கைடுகளிடம் ஒரு வேண்டுகோள். வைவா முடிந்த மாணவரை மாலையோடு வழியனுப்பிவிடாதீர்கள். வேலை தேடி அலையப்போகிற அவருக்கு நூலக அனுமதியையும் உங்கள் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியையும் இன்னும் ஆறு மாதம் விட்டுவையுங்கள். முதல் கட்டுரை அங்கேயே எழுதப்படட்டும். அதில் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லாதீர்கள்.