உட்கார்ந்து உழைப்போர்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட காலத்தில், அங்கு உழைப்பு என்பது பெரும்பாலும் கடைசல் யந்திரத்தின் முன் நின்று செய்யும் உழைப்பாகவே இருந்தது. இன்றோ அதே பேட்டையில் எழும்பியுள்ள கண்ணாடிக் கட்டடங்களில் வாலிபர்களும் பெண்மணிகளும் கம்ப்யூட்டர் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கின்றனர். ஆவடியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து பட்டரவாக்கத்தில் இறங்குவோருக்கு உட்காரக் கிடைப்பதே பாக்கியமன்றோ என்பர் சிலர். கழுத்து நோவும் மணிக்கட்டு நோவும் கண்டவர்கள் அவ்வாறு சொல்லார்.

நிற்பவரின் கஷ்டத்தைச் சட்டம் உணர்ந்தது. நின்று வேலை செய்வோர் சமயம் வாய்க்கும்போது உட்கார வசதி வேண்டுமென 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு விதித்தது. நமது கடைச் சிப்பந்திகளுக்கு அந்த நியாயம் 2021-ல்தான் கிட்டிற்று. உட்கார்ந்தே இருப்பவரின் கஷ்டமும் புதிதன்று. ஓயாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், மனக்களைப்பு ஆகிய மூன்றுமே எழுத்தர்களின் வியாதிக்குக் காரணமென்று இத்தாலிய வைத்தியர் ரமாஸினி 1713-லேயே எழுதினார்.

முதலாளி நாற்காலிகளை மொத்தமாக வாங்குகிறார்; ஊழியரின் தேகங்களோ மொத்தமாகச் செய்யப்பட்டவையல்ல. குட்டையான பெண்மணி ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்தால் பாதம் தரையில் படாது. ஆசனத்தின் விளிம்பு தொடையை அழுத்தும். அதைத் தவிர்க்க அவர் முன்னே நகர்வார். உடனே முதுகு ஆதாரமிழக்கும். காலடியில் ஒரு மணைப்பலகை போதும், இத்தனையும் தீர. முழங்கை மேஜை மட்டத்தில் மடிந்திருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழவோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருத்தல் நலம். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. எவ்வளவு செம்மையாக அமர்ந்தாலும் அரைமணிக்கொரு முறை எழுந்து நடப்பது அவசியம்.

லாப்டாப்பின் குறை வேறு. அதில் திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்துக்கு ஏற்றால் கைக்கு ஆகாது. கைக்குத் தாழ்த்தினால் கழுத்துக்கு ஆகாது. 2020-ம் வருஷத் தொற்றுக் காலத்தில் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் வாடகை வீட்டுக் கட்டில்மீதே ஆபீஸ் நடத்தியவர்கள் இதை நன்கறிவர். கணக்குப்பிள்ளைக்குச் சாய்வுப் பெட்டி கொடுத்த பழைய மண்டிக்காரருக்கு இருந்த யோசனை இக்காலத்து நிர்வாகிகளுக்கு இல்லாமற் போனது விந்தையே! தனி எழுத்துப் பலகை ஒன்றின் விலை, அவர்கள் தரும் யந்திரத்தின் விலையில் மிகச் சிறு பங்கு. திரையை உயர்த்தவோ நாலு தடித்த புஸ்தகங்கள் போதும். புஸ்தகத்தை ஊழியர் வைத்துக்கொள்ளட்டும். எழுத்துப் பலகையை யந்திரத்துடனேயே கொடுப்பது முதலாளியின் கடமையாகும்.