வெள்ளீயத்துக்கு ஒரு காவல்

தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு உலோகங்களில் எதுவாகவும் இருக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். நஞ்சென்று நாம் ஒதுக்கும் லெட், காரீயம். இந்த இரண்டையும் பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகம் ஒன்றில் குடிவைத்துச் சூரிய மின்கலம் செய்கிறார்கள்.

2009இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் செய்த முதல் பெரோவ்ஸ்கைட் மின்கலம், விழும் வெயிலில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. அதில் இருந்தது காரீயம் மட்டும். காரீயப் படிகம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாகப் பிடிக்கும், அகச்சிவப்பைக் கோட்டைவிடும். பாதிக்குப் பாதி வெள்ளீயம் கலந்தால் அதுவும் சிக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிகத்தின் ஆற்றல் இடைவெளி (ஒளி எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்; அது குறைந்தால் அகச்சிவப்பும் போதும்) தனிக் காரீயத்தில் சுமார் 1.55 எலக்ட்ரான் வோல்ட், தனி வெள்ளீயத்தில் சுமார் 1.3. கலந்தால் நடுவில் நிற்கும் என்றுதானே நினைப்போம்? இரண்டுக்கும் கீழே, 1.25 அளவுக்கு இறங்கிவிடுகிறது! மேலே நீல, பச்சை ஒளியைப் பிடிக்கும் வேறொரு பெரோவ்ஸ்கைட், அடியில் இந்தக் கலவை என அடுக்கினால், ஒற்றை அடுக்கால் எட்டமுடியாத திறன் கிடைக்கும்.

தொல்லை வெள்ளீயத்திடம்தான். படிகத்தில் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்க வேண்டும். காற்று கொஞ்சம் பட்டாலும் மேலும் இரண்டை இழந்துவிடுகிறது. உடனே படிகத்தில் ஓட்டைகள். வெயில் கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள் வெளியேறும் முன்பே அடங்கிப்போகின்றன. காற்றை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கரைப்பானாக ஊற்றும் டைமெத்தில் சல்ஃபாக்சைடே சூட்டில் வெள்ளீயத்தைக் கெடுப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சேர்மானங்களின் வேலை இங்கேதான். பழைய கை, ஸ்டானஸ் ஃபுளோரைடு. சில பற்பசைகளிலும் இருப்பது. படிகம் செய்யும் வெள்ளீய அயோடைடில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவு. ஓட்டைகளை நிரப்ப உபரி வெள்ளீயம் தருகிறது. கெட்டுப்போன வெள்ளீயத்தைத் தன் ஃபுளோரைடால் கட்டி, படிகத்துக்குள் வரவிடாமல் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் அதுவே திட்டுத்திட்டாகப் பிரிந்து படலத்தைக் கெடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் தான் ஹைரன் குழுவினர் 2019இல் செய்தது. கரைசலில் அவர்கள் போட்டது வெறும் வெள்ளீயத் தூள். நான்கு எலக்ட்ரான்களை இழந்த கெட்ட அயனி ஒன்றுக்கு உலோக அணு ஒன்று தன் எலக்ட்ரான்கள் இரண்டைக் கொடுக்க, இரண்டுமே நல்ல அயனிகளாகிவிடுகின்றன. மிச்சத் தூளை வடிகட்டிவிடலாம். அப்படிச் செய்த இரட்டை அடுக்கு மின்கலம் 24.8 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் குவானிடினியம் தயோசயனேட்டைச் சேர்த்தது. அது படிகமணிகளின் ஓரங்களில் மெல்லிய வேலியாகப் படிந்தது. வெயில் கிளப்பிய எலக்ட்ரான்களின் ஆயுள் ஒரு மைக்ரோநொடியைத் தாண்டியது.

மொட்டைமாடியில் நாம் பொருத்தும் சிலிக்கான் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். வெள்ளீயக் கலவைப் படலத்தையோ, காற்றுக்குப் பயந்து, ஆய்வகங்களில் இன்றும் பெரும்பாலும் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், ரப்பர் கையுறை வழியாகக் கையை நுழைத்துத்தான் வார்க்கிறார்கள்.