வெள்ளைக் கிறீமும் கறுத்த கன்னமும்

முகம் வெளுக்கவென்று பூசிய கிறீமே முகத்தைக் கறுப்பாக்குமா? ஆக்கும். தென்னாபிரிக்காவில் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் நீலங்கலந்த கருமை படர்ந்த கறுப்பினப் பெண்கள் பலர் வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். ஐதரோகுயினோன் என்ற இரசாயனம் கலந்த வெளுப்புக் கிறீம்களே இதற்குக் காரணம் என்று 1975ஆம் ஆண்டில் பின்ட்லே என்ற தோல் வைத்திய நிபுணர் எடுத்துக்காட்டினார். தோலின் நிறமே வேலையையும் வீட்டையும் தீர்மானித்த நாடு அன்று அது. கிறீம் விற்பனையானதில் வியப்பில்லை.

தோலை வயல் மண்ணாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மண்ணிலே நமது இயற்கை நிறம் உண்டாகிறது. ஐதரோகுயினோன் அதை மறிப்பதால் முதலில் முகம் வெளுக்கும். ஆண்டுக்கணக்கில் பூசிவந்தால் அடிமண்ணிலே மஞ்சட்கபிலக் கசடு படியக்கூடும். வெளியே அது நீலக்கருமையாகத் தெரியும். வெயில் அதைக் கூட்டும். நாள் முழுவதும் தோட்டத்தில் நிற்பவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. கறுக்கிறதே என்று பயந்து இன்னும் தடிப்பாகப் பூசுவதுதான் பெரிய கேடு.

கசடு ஆழத்தில் இருப்பதால் உரசிக் கழுவி எடுக்க முடியாது. லேசர் சிகிச்சையில், ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் பலமான ஒளி பாய்ச்சப்படுகிறது. கசடு துகள்களாக உடைய, உடம்பின் துப்புரவுக் கலங்கள் அவற்றைச் சிறுகச் சிறுக அகற்றுகின்றன. பச்சை குத்தியதை அழிப்பதும் இதே முறையில்தான். 1064 நனோமீற்றர் ஒளி மேல்தோலின் நிறத்தை அதிகம் தாக்காமல் ஆழம் செல்வதால், எங்களைப் போன்ற கறுத்த தோலுக்கு ஓரளவு பொருத்தமானது.

ஆனால் ஒரு தடவையில் முடியும் காரியமல்ல. பல வாரங்கள் இடைவிட்டுப் பல தடவை போகவேண்டும். சிலருக்கு நன்றாக மங்கும், சிலருக்கு அரைகுறை, சிலருக்குச் சூடுபட்டு இன்னும் கறுக்கும். செலவும் கொஞ்சமல்ல, காணியை ஈடுவைத்துச் செய்யவேண்டிய சிகிச்சை இது என்று நான் சொல்லமாட்டேன். செய்வதானால், காதோரம் சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். மங்கு என்னும் வேறு கருமையும் உண்டு. அது லேசரால் கூடவும் கூடும். ஆகவே எது எதுவென்று தோல் வைத்திய நிபுணரே சொல்லவேண்டும்.

பூச்சிநாசினிப் போத்தலில்கூட உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதியிருக்கும். விலாசமில்லாத டப்பியையோ வாங்கி முகத்தில் பூசுகிறோம்! சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிலவற்றில் ஸ்ரீரொயிட் இருக்கும். நீண்டநாள் பூசிவிட்டுத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதனால் டப்பியை வீசிவிடாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை வருடம் பூசினீர்கள் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்று வைத்தியர் அதைக்கொண்டுதான் தீர்மானிப்பார்.